துளசிமணியின் ஜிமிக்கிச் செடி

“எனக்குள்ள இருக்கிற இந்த ‘நான்’ போகணுங்கம்மா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றாள் துளசிமணி.

நிறைமதி அம்மா, துளசிமணி கொண்டு வந்து வைத்த தூக்குப்போசியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

ஊட்டியில், ஏரிக்கும் கீழே, பள்ளத்தில் இருந்தது அந்த வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நிறைமதி அம்மாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். துளசிமணி ஐம்பத்தைந்தைத் தாண்டியவள். அதனால் அவர் அவளை அக்கா என்றார். அவள் அவரை அம்மா என்றாள்.

“இது என்னக்கா?”

“கச்சாயமுங்க.”

நிறைமதி அம்மா அந்த இனிப்புப் பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கூடத்தில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

“யார் செஞ்சது?”

“சும்மா வீட்டுல இருந்த மாவைப் போட்டுச் சுட்டதுங்க. தானா வந்துடுச்சு.”

நிறைமதி அம்மா கண்ணைத் திறந்தார்.

“தானாவா?”

“ஆமாங்கம்மா.”

அந்த வீட்டின் வேலைகளை எல்லாம் பார்த்துக்கொள்ளும் நயினார் சுவரோரம் நின்றிருந்தார். “என்ன ஒரு அடக்கம், பாருங்க” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

நிறைமதி அம்மா எழுந்து வெளியே போனார். துளசிமணியும் நயினாரும் பின்னால் போனார்கள்.

முற்றத்தின் மூலையில் ஒரு சிமெண்ட் தொட்டி. அதில் ஒரு பழைய செடி. கிளை கிளையாகப் பூத்துத் தொங்கியது. சிவப்பு இதழ்கள் மேலே விரிந்திருக்க, அடியில் ஊதா நிறம் குவிந்து, அதற்கும் கீழே மெல்லிய நூல்கள் ஆடின. ஃபியூஷியா என்பார்கள் நர்சரிக்காரர்கள். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அது ஜிமிக்கிப் பூ.

நிறைமதி அம்மா பூவும் மொட்டுமாக இருந்த ஒரு கிளையை ஒடித்துத் துளசிமணியின் கையில் கொடுத்தார்.

“இதுக்கு வேர் வர வைங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“வேர் வரட்டும்.”

துளசிமணி அதற்கு முன் ஒரு செடிகூட வளர்த்ததில்லை.

அவள் வீடு மேட்டுத் தெருவில், சரிவின் நடுவில் இருந்தது. அவளும் அவள் கணவர் கந்தப்பனும் மட்டும்தான். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வராந்தாவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார்.

அவள் வீட்டிலேயே பெரிய பக்கெட்டாகப் பார்த்து எடுத்தாள். மண்ணும் சாணி எருவும் நிரப்பினாள். கிளையை நட்டு, நல்ல வெயிலில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். பெரிய இடத்திலிருந்து வந்த கிளை. குறை வைக்கக் கூடாது.

முதலில் பூக்கள் அப்படியே ஆடின. தெருவில் போனவர்கள்கூடப் பார்த்தார்கள்.

பிறகு பூ வதங்கியது. இலை உதிர்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் அடி கறுத்து, கொழகொழவென்று இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

“செத்துப் போச்சுங்கம்மா.”

“எப்படி?”

“நான்தான் கொன்னுட்டேன். எனக்கு ஒரு விவரமும் பத்தாதுங்க. நான் தொட்டா எதுவும் உருப்படாது. எல்லாம் என்னாலதான்.”

நிறைமதி அம்மா சிரித்துவிட்டார். கூடம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சிரித்தார்.

“போகணும்னு சொன்னீங்களே, அந்த ‘நான்’ இதுதானா?”

துளசிமணிக்குப் புரியவில்லை.

“கச்சாயம் தானா வந்துச்சு. செடியை மட்டும் நீங்க கொன்னீங்களா?”

 

நிறைமதி அம்மா அவளை முற்றத்துக்கு அழைத்துப் போய், ஒரு சின்னக் கத்தியை அவள் கையில் வைத்தார்.

“இந்தத் தடவை நீங்களே வெட்டுங்க.”

“எங்க வெட்டறதுங்கம்மா?”

“என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? செடி அங்க இருக்கு.”

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

துளசிமணி செடியின் முன்னால் உட்கார்ந்தாள். இதற்கு முன் எந்தச் செடியையும் அவள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கிளையில் ஒவ்வோர் இலையும் சேரும் இடம் கொஞ்சம் தடித்திருந்தது. புதுத் தளிர்கள் எல்லாம் அந்தத் தடிப்பிலிருந்துதான் கிளம்பியிருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் குச்சி.

அங்கேதான் உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தடிப்புக்குச் சற்றுக் கீழே கத்தியை வைத்தாள்.

விரல் நீளத்துக்கு இளசான நுனிகளாகச் சிலவற்றை வெட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எல்லாவற்றிலும் பூ இருந்தது.

நிறைமதி அம்மா ஒரு நுனியை வாங்கினார். அதிலிருந்த பூவைக் கிள்ளினார். துளசிமணியின் கொண்டையில் செருகினார். குச்சியைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் துளசிமணி மற்ற பூக்களையும் கிள்ளினாள். ஒவ்வொன்றுக்கும் மனசு வலித்தது. குண்டூசித் தலை அளவு மொட்டுகளையும் தேடிக் கிள்ளினாள். இறங்கும்போது மடி நிறையப் பூ.

இந்த முறை பக்கெட் இல்லை. ஓட்டை போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள். எரு இல்லை. ஆற்று மணலும் தென்னைநார்த் தூளும் மட்டும். அடி இலைகளை நீக்கிவிட்டு நட்டாள். வெயில் படாத சமையலறை ஜன்னலில் வைத்து, காலியான ஊறுகாய் பாட்டில்களைக் கவிழ்த்து மூடினாள். எல்லாம் அவளாக யோசித்தது. முதல் கிளை அழுகியது ஏன் என்று யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகப் பிடிபட்டது.

ஒன்று மட்டும் அவளால் முடியவில்லை. சும்மா இருக்க முடியவில்லை.

தினமும் ஒரு குச்சியை மெல்ல இழுத்துப் பார்த்தாள். வேர் வந்ததா? இல்லை. திரும்பக் குத்தினாள். மறுநாள் அடுத்த குச்சி.

ஒரு காலை இழுத்தபோது அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. தலைமுடியை விட மெல்லிசு. கண்ணருகில் கொண்டுபோனாள். வேர்தான். இழுத்த இழுப்பில் பாதி அறுந்து, மணலிலேயே நின்றுவிட்டது.

அவள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன துளசி, காப்பி?” என்று வராந்தாவிலிருந்து கந்தப்பன் கேட்டார்.

அவள் காதில் விழவில்லை.

மிச்சக் குச்சிகளும் இழுத்து இழுத்தே வாடிப்போயின. மறுபடி பள்ளத்து வீட்டுக்குப் போனாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக முற்றத்துக்குப் போய்ச் செடி முன்னால் நின்று வெட்டிக்கொண்டு திரும்பினாள்.

இந்த முறை அவள் குச்சிகளைத் தொடவில்லை. கை துறுதுறுத்தது. பாட்டிலைத் தூக்கி உள்ளே கோத்திருக்கும் நீரைத் துணியால் துடைப்பாள், கொஞ்சம் காற்று படவிடுவாள், திரும்ப மூடுவாள். அழுகத் தொடங்கியதை மட்டும் எடுத்து எறிவாள். மணல் காய்ந்தால் விரல் நுனியால் தண்ணீர் தெளிப்பாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு அவள் உடம்பில் இருந்த பொறுமை எல்லாம் தேவைப்பட்டது.

ஒருநாள் ஒரு குச்சியின் நுனியில் புதிதாக ஓர் இலை. பழைய இலையைவிட வெளிர்ப் பச்சை. சுருட்டியிருந்த கையைக் குழந்தை விரிப்பதுபோல் விரிந்துகொண்டிருந்தது.

அடியில் வேர் பிடிக்காமல் நுனியில் இலை விரியாது. அது அவளுக்கு இப்போது தெரிந்தது.

அவள் அதைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டாள்.

வேர் நன்றாக ஓடிய பிறகு அதைச் சின்ன மண்சட்டிக்கு மாற்றினாள். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பள்ளத்து வீட்டுக்குப் போனாள்.

“அடடே!” என்றார் நயினார். “எப்படிம்மா வர வச்சீங்க?”

துளசிமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“நான் என்ன பண்ணினேன். தானா வந்துடுச்சுங்க.”

நிறைமதி அம்மா எழுந்தார். அவள் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். மதில்மேல், வெயில் அடிக்கிற இடமாகப் பார்த்து வைத்தார்.

“தானா வந்தது தானா இருந்துக்கும். நீங்க வீட்டுக்குப் போங்க, அக்கா.”

“அம்மா, அதுக்கு இன்னும்...”

“போங்க.”

துளசிமணி போனாள்.

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழம்பில் உப்புப் போட்டாளா இல்லையா என்று நினைவில்லை. இரண்டு தடவை போட்டிருந்தாள். கந்தப்பன் ஒரு வாய் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மோரை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் பொழுது விடியும் முன்பே எழுந்து சமைத்து வைத்தாள். ஆனாலும் அடுத்தடுத்த வேலைகள் இழுத்ததில் உச்சிப் பொழுதுக்குத்தான் அவளால் போக முடிந்தது.

செடி மதில்மேலேயே இருந்தது. மண் வெடித்திருந்தது. இலைகள் நனைந்த துணி மாதிரி துவண்டு தொங்கின. அந்தப் புது இலையும்.

மதிலுக்குப் பக்கத்தில் நின்று நிறைமதி அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

துளசிமணி ஓடிப் போய்ச் சட்டியைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள்.

“என்னங்கம்மா இது! ஒரு வாய்த் தண்ணி ஊத்தக் கூடாதா? இங்கேயே நிக்கறீங்க, டீ குடிக்கறீங்க, இது காஞ்சு கெடக்குது! பிஞ்சுங்க இது. இதைக் கொண்டாந்து வெயில்ல வைக்கலாமுங்களா? எத்தனை அழுகிப் போச்சு, எத்தனை கை தவறிப் போச்சு, அத்தனைக்கும் அப்புறம் பார்த்துப் பார்த்து வளர்த்ததுங்க!”

சத்தம் கேட்டு நயினார் ஓடி வந்தார். “யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பேசுங்கம்மா!”

நிறைமதி அம்மா ஒரு விரலை உயர்த்தினார். நயினார் நின்றார்.

“யார் வளர்த்தது, அக்கா?”

“நான்!”

சொன்ன பிறகுதான் துளசிமணிக்குத் தான் சொன்னது கேட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

நிறைமதி அம்மா டம்ளரை மதில்மேல் வைத்தார்.

“குழாய் அந்தப் பக்கம் இருக்கு. போய் ஊத்துங்க.”

துளசிமணி தண்ணீர் ஊற்றினாள். நிழலில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

புறப்படும்போது சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள்.

“போகணும்னுதானே வந்தேன். இப்ப வந்துடுச்சேங்கம்மா. தப்பில்லைங்களா?”

“பிஞ்சு, அக்கா. இப்பவே கிள்ளாதீங்க” என்றார் நிறைமதி அம்மா.

அந்தச் செடி பிழைத்தது. பிழைத்தது மட்டுமல்ல, கிடுகிடுவென்று ஒரே குச்சியாக மேலே போனது.

“நெட்டுக்குப் போகுதுங்கம்மா. பக்கத்துல கிளையே இல்லை. என்ன பண்றது?” என்று ஒரு ஞாயிறு கேட்டாள்.

நிறைமதி அம்மா கட்டைவிரல் நகத்தையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். அடுத்தவர் கேள்விக்குத் திரும்பிவிட்டார்.

அவ்வளவு பாடுபட்டு வந்த நுனி. அதையே கிள்ளுவதா?

துளசிமணி வீட்டுக்கு வந்து செடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளினாள். கிள்ளிய நுனியை எறிய மனமில்லாமல் டப்பா மணலில் குத்தி வைத்தாள்.

கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தளிர்விட்டது. அவை வளர்ந்ததும் அவற்றையும் கிள்ளினாள். நான்காகப் பிரிந்தது. மணலில் குத்தியவையும் வேர்பிடித்தன. வேர் சட்டியை நிறைத்ததும் ஒரு அளவு பெரிய சட்டி. அதையும் நிறைத்ததும் இன்னும் ஒரு அளவு. எடுத்த எடுப்பில் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் தண்ணீரில் ஊறிச் செத்துப்போகும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல.

வருஷம் திரும்பியபோது வராந்தாவின் கூரைச் சட்டம் முழுக்கச் சட்டிகள் தொங்கின. படிக்கட்டு ஓரமெல்லாம் சட்டிகள். பிறகு அவை பூத்தன.

ஒரு மாலை கடைக்குப் போய்விட்டுச் சரிவில் ஏறி வரும்போது துளசிமணி தற்செயலாகத் தலையை நிமிர்த்தினாள். தெரு முழுக்க ஒரே மாதிரி சாம்பல் நிறத் தகரக் கூரைகள். நடுவில் ஒரு வீடு மட்டும் சிவப்பும் ஊதாவுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாள்.

“நல்லா இருக்குதுடி துளசி” என்றாள், வாய்விட்டு.

தெருவில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாள்.

ஒருநாள் கந்தப்பனோடு வேலை பார்த்தவர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். வராந்தாவில் ஏறியதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“கந்தப்பா, என்னப்பா இது! பூங்கா மாதிரி வச்சிருக்கே!”

கந்தப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இதெல்லாம் ஒரு வேலையா? இந்த ஊர்க் குளிருக்கு எதைக் குத்தி வச்சாலும் தானா வரும்.”

உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த துளசிமணியின் கை நின்றது.

டம்ளர்களோடு வெளியே வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். பிறகு தொங்கிய சட்டி ஒன்றிலிருந்து ஒரு கிளையை வெட்டி, கணவரின் கையில் கொடுத்தாள்.

“அப்ப நீங்க ஒண்ணு குத்துங்க” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

வந்தவர்கள் சிரித்தார்கள். கந்தப்பனும் சிரித்தார். ஆனால் அவர்கள் போனபிறகு ஒரு டப்பாவைத் தேடி எடுத்து, மண் போட்டு, கொல்லைப் பக்கம் கொண்டுபோய் நிஜமாகவே நட்டார்.

சில வாரம் கழித்து அந்த டப்பா குப்பைத் தொட்டிக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. துளசிமணி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. 

ஆனால் அதற்குப் பிறகு தெருவில் யாராவது நின்று பூவைப் பற்றிக் கேட்டால் கந்தப்பன் பேப்பரை மடித்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

“துளசி, வெளிய வா. உன் செடியைக் கேக்கறாங்க.”

தை பிறக்கச் சில நாட்கள் இருந்தபோது, ஒரு பிற்பகல், துளசிமணி துணி எடுக்க வெளியே வந்தாள். காற்று அடியோடு நின்றிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. வெயில் இருந்தும் காதுமடல் வலித்தது.

அவள் துணியை அப்படியே கொடியில் விட்டாள்.

“ஏங்க, எந்திரிங்க. எல்லாச் சட்டியையும் உள்ள எடுக்கணும்.”

“பேப்பர்ல உறைபனின்னு ஒண்ணும் போடலையே?”

“பேப்பர் வேண்டாம். வானத்தைப் பாருங்க.”

கந்தப்பன் வானத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எழுந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, தொங்கும் சட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். இருட்டுவதற்குள் சமையலறை, கூடம், கட்டிலுக்கு அடி எல்லாம் செடியாகிவிட்டது. சாப்பிடத் தட்டு வைக்க இடமில்லை. இருவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

காலையில் கதவைத் திறந்தால் புல்வெளி எல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது. கொடியில் விட்ட துணிகள் அட்டையாக விறைத்து நின்றன. எதிர்வீட்டு உருளைக்கிழங்குப் பாத்தி கறுத்துப் போயிருந்தது.

துளசிமணி உள்ளே திரும்பிப் பார்த்தாள். அடுப்பின் பக்கத்தில் ஒரு ஜிமிக்கிப் பூ விரிந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே ஒரு ஜீப் மேட்டுத் தெருவில் ஏறி வந்து அவள் வீட்டு முன்னால் நின்றது. நயினார் முதலில் இறங்கினார். பிறகு நிறைமதி அம்மா.

கந்தப்பன் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“பள்ளத்துல பனி நின்னு அடிச்சிடுச்சுங்க” என்றார் நயினார். “அம்மாவோட செடி அடி வரைக்கும் கருகிப் போச்சு. தண்டைக் கீறிப் பார்த்தோம், ஒரு பொட்டுப் பச்சை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேப்பாங்க. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, அம்மாவோட செடி இங்க ஒண்ணு இருக்குதேன்னு. எடுத்துட்டுப் போகலாம்னு வந்தோம்.”

நிறைமதி அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு படியிலேயே நின்றார்.

நயினார் வராந்தாவில், பகலுக்கு வெளியே எடுத்து வைத்திருந்த சட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். எல்லாவற்றிலும் பெரியதாக, முழுக்கப் பூவாக இருந்த சட்டியை நோக்கிக் கை நீட்டினார்.

“ஐயா, என்னைக் கேட்காம எடுக்கறதில ஒண்ணுமில்லை” என்றார் கந்தப்பன். “ஆனா அவளைக் கேளுங்க.”

துளசிமணி வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் ஈர மண்.

“எதை எடுக்கறீங்க?”

“அம்மாவோட செடியைத்தாங்க.”

“அது அம்மாவோடது இல்லைங்க.”

நயினாரின் கை அந்தரத்தில் நின்றது. “அம்மா ஒடிச்சுக் கொடுத்த கிளைதானேம்மா? நானே பக்கத்துல நின்னு பார்த்தேனே.”

“அம்மா ஒடிச்சுக் கொடுத்தது செத்துப் போச்சுங்க. இது நான் இடம் பார்த்து வெட்டினது. நான் வேர் வர வச்சது. மதில்மேல காஞ்சப்ப நான் தூக்கிட்டு வந்தது. பனிக்கு முன்னால நான் உள்ள எடுத்து வச்சது.” அவள் குரல் உயரவில்லை. நடுங்கவும் இல்லை. “இது என்னோட செடி.”

தெருவில் போனவர்கள் இரண்டு பேர் நின்றார்கள்.

நயினார் நிறைமதி அம்மாவின் பக்கம் திரும்பினார்.  “அம்மா, இவங்க ‘நான்’ போகணும்னு உங்ககிட்ட வந்தவங்க. இப்ப என்னன்னா வரிக்கு வரி...”

நிறைமதி அம்மா படியேறி வந்தார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் சேர்த்துத் துளசிமணியின் முன்னால் நீட்டினார்.

“துளசியக்கா, உங்க செடியில ஒண்ணு எனக்குத் தருவீங்களா?”



துளசிமணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். சட்டிகளின் வரிசையோடு நடந்தாள். போன மாதம் வைத்த சின்னவற்றைத் தாண்டினாள். நடுத்தரமானவற்றைத் தாண்டினாள். முதன்முதலில் வேர்பிடித்த அந்தப் பெரிய சட்டியின் முன்னால் நின்றாள்.

“அதையா?” என்று கந்தப்பன் மெல்லக் கேட்டார்.

“கொடுக்கறதுன்னா நல்லதாத்தானே கொடுக்கணும்” என்றாள் அவள்.

சட்டியைத் தூக்கினாள். பக்கத்தில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள். நிறைமதி அம்மாவின் கைகளில் வைத்தாள். பூக்கள் அவர் மணிக்கட்டைத் தாண்டித் தொங்கின.

நிறைமதி அம்மா சட்டியை நெற்றிக்கு நேராக ஒருமுறை உயர்த்தினார். அவர் கண்கள் பளபளத்தன. எதற்கோ வெகுநாள் காத்திருந்து அதைப் பெற்றவர் மாதிரி இருந்தார்.

யாரும் உட்காரவில்லை. காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நயினார் சட்டியை வாங்கிப் பின்பக்கம் வைக்கப் போனவர், பழக்கத்தில் அவரிடமே கேட்டார்.

“அம்மா, இதுக்குத் தண்ணி எப்ப எப்ப விடணும்? எங்க வைக்கணும்?”

“எனக்கு என்ன தெரியும்? என் செடிதான் கருகிப் போச்சே” என்றார் நிறைமதி அம்மா.

நயினார் சட்டியை அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். ஜீப்பைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார்.

துளசிமணி நிமிர்ந்து படியிறங்கி வந்தாள். கேட்டைத் திறந்துகொண்டு அவர் பக்கத்தில் போனாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்த சட்டியை அவர் கையில் நேராக நிறுத்தினாள்.

“இங்க பாருங்க. நான் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோங்க.”